சாதியறியா மேளம்

மக்கள் எழுந்து ஆடுதற்குரிய இசை கீழானது, உட்கார்ந்து தலையசைத்துக் கேட்டற்குரிய இசையே மேலானது என்றொரு கணக்கு நம்மிடையே நெடுநாளாக வழங்கி வருகிறது. இக்கணக்கைப் போட்டது செவியன்று, சாதியே. மாட்டுத்தோலைப் பறையில் கட்டி அடித்தவனைத் தீண்டத்தகாதவன் என்றனர். அதே மாட்டின் தோலை மிருதங்கத்தில் கட்டி மேடையேற்றியபோது அது தெய்வ வாத்தியமாயிற்று. தோலைப் பதப்படுத்திக் கொடுத்தவன் மட்டும் சபைக்கு வெளியே நின்றான்.

இத்தகைய சமுதாயத்திலே, தோலும் மரமும் நரம்புமின்றி ஒலிக்கும் ஒரு கருவி புகுந்து, ஆட்ட இசையின் போக்கையே மாற்றிய வரலாற்றை நம் மக்கள் அறிதல் நன்று. சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியையே குறிக்கின்றோம்.

அதன் இயல்பு எளியது. மின்னழுத்தம் ஏறச் சுருதி ஏறும். இறங்கச் சுருதி இறங்கும். அங்ஙனம் பிறக்கும் முரட்டொலியை வடிகட்டி ஒன்று செதுக்குகிறது. வடிகட்டியைத் திறந்தால் ஒலி கூர்மை பெறும், மூடினால் மழுங்கும். 1964-இல் அமெரிக்கரான ராபர்ட் மூக் இவ்வகைக் கருவியை உருவாக்கிக் காட்டினார். 1977-இல் இத்தாலியரான ஜார்ஜியோ மொரோடர், செருமனியின் மியூனிக் நகரிலிருந்து, டொன்னா சம்மர் என்னும் கறுப்பினப் பாடகியின் குரலுக்குப் பின்னே ஏறக்குறைய இயந்திர ஒலிகளையே நிறுத்தி, 'ஐ ஃபீல் லவ்' என்னும் பாட்டை வெளியிட்டார். நெஞ்சத் துடிப்பைப் போல் விடாது அடிக்கும் அந்த நடையே பின்வந்த மின்னாட்ட இசைக்கு வழிகாட்டியாயிற்று.

அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. 1979 ஜூலை 12-ஆம் நாள், சிகாகோ நகரின் விளையாட்டரங்கு ஒன்றில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். அவ்விசையை வளர்த்தோரில் பெரும்பாலார் கறுப்பினத்தாரும், லத்தீன் மக்களும், ஒருபால் விழைவோருமாவர். அன்று உடைபட்டவை வெறும் தட்டுகள்தாமா? பறையை இழித்தவனும் தட்டை உடைத்தவனும் ஒரே பள்ளியில் பாடம் படித்தவர்களே!

ஜப்பானிய நிறுவனமான ரோலண்டு, 1980-இல் டி.ஆர். 808 என்னும் தாளப் பெட்டியையும், 1981-இல் டி.பி. 303 என்னும் கீழ்ச்சுரப் பெட்டியையும் செய்து விற்றது. துணைக்கு ஆளில்லாத கலைஞனுக்கு உதவுவதே நோக்கம். இயற்கைக் கருவி போல் ஒலிக்கவில்லையென்று வாங்குவோர் ஒதுக்கவே, 303-ஐச் செய்வது 1984-இல் நின்றுபோயிற்று. பழம்பொருட் கடைகளில் மலிவாய்க் கிடந்த அதனைச் சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் கைக்கொண்டனர். வடிகட்டியை ஓயாது திருகி, 1987-இல் பியூச்சர் என்னும் குழுவின் பெயரால் அவர்கள் வெளியிட்ட தட்டு, உலகெங்கும் ஒரு புதிய ஆட்ட இசையைப் பரப்பிற்று. தட்டுகளைத் தகர்த்த நகரமே அவ்விசைக்குத் தாயகமானது!

ஆயினும் அதற்கு 5 ஆண்டுகள் முன்னரே, 1982-இல், பம்பாயின் திரையிசைக் கலைஞரான சரண்ஜித் சிங், இதே பெட்டிகளைக் கொண்டு 10 இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்திருந்தார். எச்.எம்.வி. நிறுவனம் அதனை வெளியிட்டது. நம்மவர் மாயாமாளவகௌளை என்னும் பைரவும், கல்யாணி என்னும் யமனும், மோகனம் என்னும் பூபாளியும் அத்தட்டில் இருந்தன. இது தற்செயலன்று. 303 பெட்டி ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்ல வல்லது. கமகத்திற்கு அஃது இடந்தந்தது. அதன் 16 படிகளோ ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையில் இருமடங்கு. எனினும் தட்டு விலைபோகவில்லை. 2010-இல் மேனாட்டார் மறுபதிப்புச் செய்த பின்னரே நம் நாட்டார் விழித்துப் பார்த்தனர். 2015-இல் அவர் மறைந்தார். நம் பொருளின் அருமையைப் பிறர் சொல்லித்தான் நாம் அறியவேண்டுமா?

தமிழ்த் திரையிலும் இக்கருவி விரைந்து நுழைந்தது. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரிலிருந்து வந்த இளையராஜா, 1986-இல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' ஆகிய படங்களில் மின்னொலியையும் கணினியையும் தயங்காது கையாண்டார். 1992-இல் 'ரோஜா'வின் வாயிலாக ஏ. ஆர். ரகுமான் அவ்வழியை மேலும் அகலப்படுத்தினார்.

இனி நம் பினாங்கிற்கு வருவோம். ஜோர்ஜ் டவுனுக்கும் பாயான் லெப்பாசுக்கும் இடையே அமைந்தது கெலுகோர். 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அவ்வாண்டு பினாங்கிலேயே நிறுவிற்று. அத்தகைய ஆலைகளில் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே நோக்கி, மயிரிழை போன்ற பொற்கம்பியைச் சில்லுகளில் பொருத்தியவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். தோட்டங்களையும் கம்பங்களையும் விட்டு வந்த நம் சகோதரிகளும் அவர்களுள் இருந்தனர். மின்னிசைக் கருவிக்கு உயிர் அத்தகைய சில்லுகளே. உலகை ஆடவைத்த மின்னணுத் தொழிலில் அவர்கள் கண்ணொளியும் கலந்திருக்கிறது. 1985-இல் பிறையையும் கெலுகோரையும் இணைத்துப் பாலம் திறக்கப்பட்டது. தீவும் பெருநிலமும் நெருங்கின.

பினாங்கில் தோன்றிய அலிகேட்ஸ் குழுவின் லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும், தமிழ்ச் சகோதரராயிருந்தும் மலாய்மொழியிற் பாடி நாடெங்கும் புகழ்பெற்றனர். லோகநாதன் 2007-இல் மறைந்தார். அவர் பெயராவது நிலைத்தது. தோட்டத்துத் திருமணங்களிலும் பொங்கல் விழாக்களிலும் கீபோர்டு வாசித்து லயத்து மக்களை ஆடவைத்தோர் பெயர்களை எவர் எழுதிவைத்தனர்?

இயந்திரம் கலைஞர் பலரின் பிழைப்பைக் கெடுத்தது என்பர் சிலர். மெய்யே. தாளப் பெட்டி வந்ததும் தாளக்காரர் சிலர் வேலையிழந்தனர். வயலின் வரிசைகள் குறுகின. அத்துன்பத்தை நாம் மறைக்கவில்லை. அன்றியும் கருவி சாதியறியாததாயினும், அதனை வாசிப்போர் சாதிப்பெருமைப் பாட்டை அதிலேயே வாசித்தல் கூடும். கருவி தானாகவே மனிதனைத் திருத்திவிடாது. ஆனால் "உன் பாட்டன் யார்?" என்று கேளாமல், தொட்டவன் விரலுக்கெல்லாம் ஒலி தருவதே அதன் அறம். அவ்வறத்தை நாம் கற்கவேண்டும்.

ஆகவே, அன்பர்களே, பெண்மக்களுக்கும் இக்கருவியைக் கற்றுக்கொடுங்கள். சில்லைப் பொருத்திய கையின் வழிவந்தோர் சுரத்தையும் மீட்டட்டும். உறுமியும் பறையும் கீபோர்டும் ஒரே மேடையில் ஒரே மதிப்போடு அமரட்டும். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஒலிநாடாக்களைக் குப்பையில் எறியாதீர்கள். தோட்டத்துக் கலைஞருள் உயிரோடிருப்போரைத் தேடி, அவர்தம் பெயரும் ஊரும் கேட்டு எழுதிவையுங்கள். அவ்வரலாற்றை மேனாட்டார் வந்து எழுதும்வரை காத்திருத்தல் தன்மானமுள்ள மக்களுக்கு அழகன்று.