நீர்ப் பிளப்பில் ருத்தேனியமும் ரெடாக்ஸ் இடையீட்டுப் பொருள்களும்

நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் வினையில் ருத்தேனியச் சேர்மங்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை விடுவிப்பது ஒன்று. நீரிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து ஆக்சிஜனை வெளியேற்றும் வினையூக்கியாக இருப்பது மற்றொன்று. வினையில் பங்குபெறும் பொருள்களுக்கு இடையே எலக்ட்ரானை வாங்கிக் கைமாற்றிவிடும் மூலக்கூறுகள் ரெடாக்ஸ் இடையீட்டுப் பொருள்கள் எனப்படும். வினையூக்கிகளுக்குக் கிடைத்த பேர் இவற்றுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இத்துறையின் தேக்கங்கள் பலவும் இவற்றின் உதவியால்தான் விலகின.

நீர்ப் பிளப்பின் கடினமான பாதி ஆக்சிஜன் உண்டாவதுதான். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்காக இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களும் நான்கு புரோட்டான்களும் நீங்க வேண்டும். சுமை நான்கிலும் சமமாகப் பரவினால் 1.23 வோல்ட் போதும். முதல் எலக்ட்ரானை மட்டும் தனியே பறித்தால் ஹைட்ராக்சில் தனி உறுப்பு உண்டாகும், அதற்கு 2.7 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஒளியோ ஒரு ஃபோட்டானுக்கு ஓர் எலக்ட்ரானைத்தான் நகர்த்தும். ஆகவே ஒவ்வொன்றாக நடக்கும் இழப்பை நான்கு வரை தாங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள ஓர் இடம் தேவை. இலைகளில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் சேர்ந்த கொத்து இந்த வேலையைச் செய்கிறது.

ருத்தேனியத்தை 1844இல் ரஷ்யாவின் கசான் பல்கலைக்கழகத்தில் கார்ல் கிளாஸ் கண்டுபிடித்தார். யூரல் மலைப் பிளாட்டினத் தாதுவின் எச்சத்திலிருந்து அவர் அதைப் பிரித்தெடுத்தார். பிறகு வெகுகாலம் அது பிளாட்டினக் குடும்பத்தின் கவனிக்கப்படாத உறுப்பினராகவே இருந்தது. 1960களில் டைட்டேனியத்தின் மேல் ருத்தேனிய ஆக்சைடு பூசிய நேர்மின்வாயை ஹென்றி பீர் உருவாக்க, குளோரின் தொழிற்சாலைகள் அதை ஏற்றுக்கொண்டன.

மூலக்கூறு வேதியியலில் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. மூன்று பைபிரிடின் ஈனிகள் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகள்) சூழ்ந்த ருத்தேனிய அணைவுச் சேர்மத்தை 1936இல் பர்ஸ்டால் தயாரித்தார். ஆரஞ்சுச் சிவப்பான இச்சேர்மம் 452 நானோமீட்டர் அருகே நீல ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது. அதன் கிளர்வு நிலை ஒரு மைக்ரோ விநாடியை நெருங்கும் அளவுக்கு நீடிக்கிறது. அருகிலிருக்கும் மூலக்கூறுக்கு எலக்ட்ரானைக் கொடுக்க அந்நேரம் தாராளம். டைட்டேனியம் டை ஆக்சைடு மின்வாயில் ஒளியால் நீர் பிரிவதை ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. சூரிய ஒளியால் ஹைட்ரஜன் தயாரிக்கும் ஆர்வம் உலகெங்கும் மூண்டது.

1977இல் ஸ்ட்ராஸ்பூரில் லேனும் சோவாஜும் ஒளியை உறிஞ்சும் இந்த ருத்தேனியச் சாயத்தோடு ரோடியச் சேர்மத்தை இடையீட்டுப் பொருளாகச் சேர்த்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். மறு ஆண்டு சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கல்யாணசுந்தரம், கிவி, கிரெட்ஸல் மூவரும் இடையீட்டுப் பொருளாக மெத்தில் வயலஜனைப் பயன்படுத்தினார்கள். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிய மதுரைத் திட்டத்தை 1998இல் தொடங்கியவர் இந்தக் கல்யாணசுந்தரமே. வயலஜனும் நம் உழவர்களுக்குத் தெரிந்த பொருள்தான்: பாராகுவாட் களைக்கொல்லி. இலையில் எலக்ட்ரானைத் தட்டிப் பறிக்கும் குணமே அதை நஞ்சாக்குகிறது. ஆய்வுக்குடுவையில் அதே குணத்தால் அது ருத்தேனியத்திடம் எலக்ட்ரானை வாங்கி, நீல நிறமாகி, பிளாட்டினத் துகளிடம் சேர்க்கிறது. அங்கே ஹைட்ரஜன் எழுகிறது.

ஆனால் வயலஜன் வாங்கிய எலக்ட்ரான் ருத்தேனியத்துக்கே திரும்பிவிடாதிருக்க, ஈ.டி.டி.ஏ. போன்ற ஒரு சேர்மத்தைப் பலியிட வேண்டியிருந்தது. ஆக்சிஜன் பக்கத்தில் அதேபோலப் பெர்சல்பேட் செலவானது. அக்கால வெற்றிகளை மதிப்பிடும்போது இதை மறக்கக் கூடாது. அவற்றுள் பல நீர்ப் பிளப்பின் ஒரு பாதி மட்டுமே.

ஆக்சிஜன் பாதிக்கு வழிகாட்டியது 1982இல் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் தாமஸ் மேயர் குழு அறிவித்த 'நீல இருபடி'. கெர்ஸ்டனும் சாமுவேல்ஸும் உடன் பணியாற்றினார்கள். ஓர் ஆக்சிஜன் அணு இரண்டு ருத்தேனியங்களைப் பாலமாக இணைக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு நீர் மூலக்கூறு தொற்றியிருக்கிறது. எலக்ட்ரான் மட்டும் நீங்கிக்கொண்டே போனால் நேர்மின்சுமை கூடி, அடுத்த எலக்ட்ரானைப் பறிப்பது மேலும் கடினமாகும். இங்கே ஒவ்வோர் எலக்ட்ரானோடும் ஒரு புரோட்டானும் வெளியேறுகிறது, சுமை ஏறுவதில்லை. அதனால் குறுகிய மின்னழுத்த எல்லைக்குள் ருத்தேனியம் பல ஆக்சிஜனேற்ற நிலைகளைக் கடக்கிறது. ருத்தேனியத்தின் தனிச்சிறப்பாக நான் கருதுவது இதையே. உச்ச நிலையில் ருத்தேனியத்துக்கும் அதோடு சேர்ந்த ஆக்சிஜனுக்கும் இடையிலான (ஆக்சோ) பிணைப்பை வெளி நீர் மூலக்கூறு தாக்க, இரு ஆக்சிஜன்களும் இணைகின்றன.

நீல இருபடி மிக மெதுவானது. சில சுற்றுகளிலேயே செயலிழந்தும்விடும். மின்வாயோடு அது நேரடியாக எலக்ட்ரான் பரிமாறுவதும் மந்தம். 2008இல் மேயர் குழு வேகமாக எலக்ட்ரான் மாற்றும் வேறு ருத்தேனியச் சேர்மங்களை இடையில் சேர்த்தது. வினைவேகம் ஏறக்குறைய 30 மடங்கு வரை கூடியது. வினையூக்கியில் ஓர் அணுவைக்கூட மாற்றாமல் கிடைத்த பலன் இது. இயற்கையிலும் இதே ஏற்பாடு உண்டு: பச்சையத்துக்கும் மாங்கனீசுக் கொத்துக்கும் நடுவே டைரோசின் என்ற அமினோ அமிலம் நின்று கைமாற்றுகிறது. 2012இல் மல்லூக்கும் அரிசோனா ஆய்வாளர்களும் அந்த டைரோசினைப் போன்ற ஃபீனால் மூலக்கூறை ருத்தேனியச் சாயத்துக்கும் இரிடிய ஆக்சைடுக்கும் இடையே வைத்து ஒளிமின்கலத்தின் திறனை உயர்த்தினார்கள்.

வினையூக்கியின் வேகத்தில் பாய்ச்சல் ஸ்டாக்ஹோமில் நிகழ்ந்தது. இரண்டு ருத்தேனியம் கட்டாயமில்லை, ஒன்றே போதும் என்பது 2000களில் தம்மல், மேயர் குழுக்களால் தெளிவாகியிருந்தது. லிச்செங் சுன் குழு கார்பாக்சிலேட் கைகள் கொண்ட ஈனியால் ருத்தேனியத்தைச் சூழ்ந்து, 2012இல் விநாடிக்கு 300 சுற்றுகளுக்கு மேல் எட்டியது. இலையின் வேகம் விநாடிக்கு 100 முதல் 400 வரை. இச்சேர்மத்தில் இரண்டு மூலக்கூறுகள் நேருக்கு நேர் வந்து தம் ஆக்சோ முனைகளை இணைத்துக்கொள்கின்றன. அதனால் மின்வாயில் அசையாமல் ஒட்டிவைத்தால் இந்த வழி தடைப்படலாம்.

இடையீட்டுப் பொருளுக்கு இன்னொரு பயனை 2013இல் கிளாஸ்கோவின் சைம்ஸும் குரோனினும் காட்டினார்கள். ஆக்சிஜன் உண்டாகும்போது வெளிவரும் எலக்ட்ரான்களையும் புரோட்டான்களையும் பாஸ்போமாலிப்டிக் அமிலம் வாங்கி வைத்துக்கொள்ளும். ஹைட்ரஜனைப் பிறகு தனியே எடுக்கலாம். இரு வாயுக்களும் கலக்கும் ஆபத்து இதனால் குறைகிறது.

தொழிலளவிலான நீர்ப் பிளப்பில் ருத்தேனியத்துக்கு இன்னும் உறுதியான இடம் இல்லை. கடும் ஆக்சிஜனேற்றச் சூழலில் அணைவுச் சேர்மங்களின் கரிம ஈனிகளே சிதைகின்றன. அமில மின்பகுப்புக் கலங்களில் ருத்தேனிய ஆக்சைடு இரிடிய ஆக்சைடைவிடச் சுறுசுறுப்பானது, விலையும் குறைவு. ஆனால் உயர் மின்னழுத்தத்தில் டெட்ராக்சைடாகி மெல்லக் கரைந்துபோகிறது. வேறு உலோகங்களைக் கலந்து இக்கரைவைத் தடுக்கும் முயற்சிகள் நடந்துவருகின்றன.