கனமான உடலும் நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீயும் - கட்டுமரம் முதல் கவாசாகி வரை

முன்னுரை

செட்டிநாட்டில் கடல் கிடையாது. காரைக்குடியில் தண்ணீர் என்றால் ஊருணி, கண்மாய். கடலைப் பார்க்க வேண்டுமானால் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போக வேண்டும். ஆனாலும் மிதப்பது பற்றிய ஒரு பாடம் செட்டிநாட்டு வீடுகளுக்குள்ளேயே நிற்கிறது. அது பர்மாத் தேக்குத் தூண். எடை அதிகமானவர் முதன்முதலாக நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீ வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விக்கும் இந்தத் தூணுக்கும் தொடர்பு உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

தேக்கு சொல்லும் பாடம்

நகரத்தார் பர்மாவில் வணிகம் செய்த காலத்தில் அங்கிருந்து தேக்கு மரங்கள் செட்டிநாட்டுக்கு வந்து தூண்களாகவும் கதவுகளாகவும் மாறின. பர்மாவின் காடுகளில் வெட்டிய தேக்கு, ஆறுகளில் தெப்பமாகக் கட்டப்பட்டு ரங்கூனுக்கு மிதந்து வந்தது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. பச்சைத் தேக்கு மிதக்காது, மூழ்கிவிடும். எனவே மரம் நிற்கும்போதே அடிப்பகுதியைச் சுற்றிலும் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே பட்டுப்போகும். இரண்டு மூன்று ஆண்டுகள் காய்ந்த பிறகே அதைச் சாய்த்து ஆற்றில் விடுவார்கள்.

அதே மரம், ஏறக்குறைய அதே அளவு. எடை குறைந்தது, மிதந்தது. ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு தண்ணீரின் எடையையே அது தாங்க முடியும் என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னது இதைத்தான். எடை அதிகமென்றால் ஒன்று எடையைக் குறைக்க வேண்டும், அல்லது கலத்தின் கொள்ளளவைக் கூட்ட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

கட்டுமரக்காரர் செய்த தேர்வு

சோழமண்டலக் கடற்கரை மீனவர்கள் இரண்டாவது வழியை எடுத்தார்கள். இலேசான மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். இந்தத் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கடற்கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓரிரு மரத்துண்டுகளால் ஆன அந்தச் சிறு கட்டுமரம் ஒருவரை மட்டுமே சுமக்கும், அவருடைய கால்கள் எப்போதும் தண்ணீரிலேயே இருக்கும் என்பது அவர் கண்ட காட்சி.

ஆள் கூடினால் மரத்தின் எண்ணிக்கையும் நீளமும் கூடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயப் போடுவார்கள். ஏனென்றால் நீர் ஊறிய மரத்துக்குத் தாங்கும் சக்தி குறைவு. "ஆள் கனமாக இருக்கிறானே" என்று யாரும் ஆளைக் குறை சொல்லவில்லை. ஆளுக்கும் சுமைக்கும் ஏற்ப மரத்தைக் கட்டினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் பைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. ஆனால் அந்த அறிவு பழசாகவில்லை.

ஜெட் ஸ்கீ பிறந்த கதை

1960-களில் அமெரிக்காவைச் சேர்ந்த கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற மோட்டார் சைக்கிள் பந்தய வீரருக்குத் தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிள் வேண்டும் என்ற எண்ணம் வந்தது. தரையில் விழுந்தால் தோல் உரியும், தண்ணீரில் விழுந்தால் அவ்வளவு அடி இல்லை. வெளியே சுழலும் விசிறி ஆளை வெட்டிவிடும் என்பதால், தண்ணீரை உள்ளிழுத்துப் பின்னால் பீய்ச்சும் பம்பைப் பயன்படுத்தினார்.

முதலில் கனடாவின் பாம்பார்டியர் நிறுவனம் 1968-ல் சீ-டூ என்ற உட்கார்ந்து ஓட்டும் வண்டியை விற்றது. அது சில ஆண்டுகளில் நின்றுபோனது. பிறகு ஜப்பானின் கவாசாகி நிறுவனம் 1973-ல் நின்று ஓட்டும் வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர்தான் 'ஜெட் ஸ்கீ'. இன்று எல்லா நீர் ஸ்கூட்டரையும் மக்கள் அப்படி அழைத்தாலும் அது கவாசாகியின் வணிகப் பெயர்.

முதல் வண்டியின் எஞ்சின் 400 சிசி. உடல் குறுகலானது. பின்னர் 440, 1982-ல் 550, 1987-ல் 650, 1992-ல் 750 என்று வளர்ந்தது. 1990-ல் யமஹாவின் சூப்பர் ஜெட் வந்தது. 2003-ல் கவாசாகியின் எஸ்எக்ஸ்-ஆர் 800 வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் மெல்ல விடைபெற்றன. எஸ்எக்ஸ்-ஆர் 800 தயாரிப்பு 2011-உடன் முடிந்தது. 2017-ல் அதே பெயரில் 1498 சிசி போர்-ஸ்ட்ரோக் வண்டி வந்தது. 2021-ல் சூப்பர் ஜெட்டும் 1049 சிசி போர்-ஸ்ட்ரோக்காக மாறியது.

கனமானவருக்கு எங்கே சிக்கல்?

உட்கார்ந்து ஓட்டும் வண்டி நின்றாலும் ஆளைத் தாங்கும். நின்று ஓட்டும் வண்டி அப்படி அல்ல. வேகம் இருக்கும்வரைதான் அது நிற்கும். விழுந்தவர் தண்ணீரிலிருந்தே தொடங்க வேண்டும். பின்தட்டில் நெஞ்சையும் முழங்கையையும் வைத்துப் படுத்து, முடுக்கி, முழங்காலிட்டு, அப்புறம்தான் எழ வேண்டும். இந்தச் சில நொடிகளில்தான் எடை முழுவதும் கணக்குக்கு வருகிறது.

ஒரு கணக்குப் போடலாம். 250 கிலோ வண்டியில் 110 கிலோ ஆள் முழுதாக ஏறினால் மொத்தம் 360 கிலோ. அது நின்ற நிலையில் மிதக்க ஊருணித் தண்ணீரில் 360 லிட்டர் விலக வேண்டும். கடல்நீர் சற்றுக் கனமானது என்பதால் அங்கே சுமார் 351 லிட்டர் போதும். குறுகலான பழைய வண்டியின் பின்பகுதிக்கு அந்தக் கொள்ளளவு இல்லை. பின்பக்கம் அமிழும், மூக்கு மேலே எழும், வண்டி பக்கவாட்டில் கவிழும். சிறிய எஞ்சினுக்கு இந்தச் சுமையைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு இழுக்க வலுவும் போதாது. பத்து முறை விழுந்தவர் "நமக்கு இது ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார். தவறு அவர் உடலில் இல்லை, கலத்தின் அளவில் இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பழைய 440, 550 வண்டிகள் விலை குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் எடை கூடிய புதியவருக்கு அவை ஏற்றவை அல்ல. பழைய சூப்பர் ஜெட் துள்ளலுக்குப் பெயர் பெற்றது. அந்தத் துள்ளலே புதியவரைக் கீழே தள்ளும். பழைய வண்டிதான் வாங்க முடியும் என்றால் 650, 750 வகைகள் மேல். அவற்றையும் விட அகலமும் நிலைப்பும் கொண்டது எஸ்எக்ஸ்-ஆர் 800.

புதியவற்றில் எஸ்எக்ஸ்-ஆர் 1500 மிகப் பெரியது. நீளம் சுமார் 2.65 மீட்டர், எடை சுமார் 250 கிலோ. கனமானவரை நன்றாகவே தாங்கும். ஆனால் அதன் எஞ்சின் வலு புதியவருக்கு அதிகம். கரையில் இழுத்து ஏற்றவும் ஒருவரால் ஆகாது. 2021-க்குப் பிந்தைய சூப்பர் ஜெட் சுமார் 2.43 மீட்டர் நீளம், 170 கிலோ எடை. வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பழகும் வசதியும் அதில் உண்டு. கற்றுக்கொள்ள அது நடுவழி என்று சொல்லலாம்.

எதை எடுத்தாலும் வாங்கும் முன் தண்ணீரில் ஏறிப் பார்க்க வேண்டும். உடல் அளவுக்குச் சரியான உயிர்காப்புச் சட்டை கட்டாயம். விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் கிளப்பக் கூடாது.

முடிவுரை

பர்மாக் காட்டில் மரத்தைக் காயவைத்தார்கள், சோழமண்டலக் கரையில் மரத்தைக் கூட்டிக் கட்டினார்கள். ஜெட் ஸ்கீ செய்தவர்களும் நாற்பது ஆண்டுகளில் நீளமும் அகலமும் கூடிய வண்டிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. எடைக்கேற்ற இடத்தை மட்டும் அது கேட்கிறது. அந்த இடத்தைக் கொடுக்கும் கலத்தைத் தேர்ந்தெடுத்தால் கனமானவரும் நிமிர்ந்து நிற்கலாம்.