குளிர்நாட்டுத் தோட்டத்தில் ஒரு குறுஞ்செடி

நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளின் ஓரத்தே செந்நிற மலர்க்கொத்துகளைத் தாங்கி நிற்கும் காட்டுப்பூவரசை உங்களுள் சிலர் கண்டிருக்கலாம். ரோடோடெண்ட்ரான் என்று தாவர நூலார் வழங்கும் பெருங்குலத்தைச் சேர்ந்த மரம் அது. அக்குலத்தில் பிறந்த ஒரு குட்டைப் புதரின் வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

ஜப்பானில், கியூஷூவுக்குத் தெற்கே யாகுஷிமா என்னும் சிறு தீவு உண்டு. அதன் மலைகளுள் உயர்ந்தது 1,936 மீட்டர். கடற்கரையில் இதமான வெப்பம். முகட்டிலோ குளிர்காலத்தில் வெண்பனி மூடிக் கிடக்கும். காட்டு நிழலில் நெடிது வளரும் இச்செடி, காற்று அலைக்கும் முகட்டில் குறுகிப் பச்சைக் குவியலாய்ப் பாறையிடையே ஒடுங்கி நிற்கிறது. இலையின் அடியில் கம்பளி போர்த்தாற்போலப் பழுப்பு நிற மென்மயிர், அரும்பு இளஞ்சிவப்பு, அலர்ந்தால் வெண்மை. 1921இல் நாகாய் என்னும் ஜப்பானியத் தாவர அறிஞர் இதற்கு யாகுஷிமானம் என்று பெயரிட்டார்.

கோயிச்சிரோ வாடா என்ற ஜப்பானிய நாற்றுப்பண்ணையார் 1934இல் இதன் செடிகள் இரண்டை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெற்றவர் எக்ஸ்பரித் தோட்டத்து அதிபர் லயனல் டி ராத்ஸ்சைல்ட். அவருடைய தோப்போ இருநூறு ஏக்கருக்கும் மேற்பட்டது; தலைக்குமேல் ஓங்கிப் பூக்கும் இனங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் நின்றன. அந்த வனத்தில் முழ உயரச் செடி யார் கண்ணில் படும்? பின்னர்ப் போர் மூண்டது. 1942இல் ராத்ஸ்சைல்ட் மறைந்தார்; மாளிகையைக் கடற்படை எடுத்துக்கொண்டது.

அங்கே தலைமைத் தோட்டக்காரராயிருந்த பிரான்சிஸ் ஹேங்கர், போருக்குப்பின் அரச தோட்டக்கலைக் கழகத்தின் விஸ்லித் தோட்டத்துக்குப் பொறுப்பேற்றார். இரு செடிகளுள் ஒன்று விஸ்லியை அடைந்தது. போரால் நின்றுபோயிருந்த செல்சி மலர்க்காட்சி 1947இல் மீண்டும் கூடியபோது, பூத்துக் குலுங்கிய அச்செடி முதல் வகுப்புச் சான்றிதழைப் பெற்றது.

பதின்மூன்று ஆண்டுகள் கவனிப்பாரற்றிருந்த செடிக்குத் திடீரென இப்புகழ் வந்தது எவ்வாறு? செடி மாறவில்லை; நாடு மாறிவிட்டது என்பதே என் கருத்து. போருக்குப்பின் வரி உயர்ந்தது, கூலியாட்கள் அருகினர், பெருந்தோட்டங்கள் பல பாழாயின. சிறு வீடும் அதன்முன் நான்கு பாத்தி நிலமும் உடையவர்களே இனிச் செடி வாங்குவோர். அவர்களுக்கு வேண்டியது சன்னலை மறைக்காத செடி. வாட்டரர் பண்ணையார் இதனைப் பிற இனங்களோடு ஒட்டுச்சேர்த்துக் கண்ட கலப்பினங்களுக்கு, வெண்பனி இளவரசியின் திரைப்படத்தில் வரும் குள்ளர்களின் பெயர்களையே சூட்டி விற்றனர். வணிகர்க்கும் நகைச்சுவை உண்டு!

குளிர் ஒரு செடியைக் கொல்வது பெரும்பாலும் நாம் எண்ணும் வழியிலன்று. மண் உறைந்தால் வேர் நீரை உறிஞ்ச இயலாது. மேலே வெயிலும் காற்றும் இலையின் ஈரத்தைக் கவரும். செடி தாகத்தால் மாய்கிறது. ஆதலின் கடுங்குளிரில் இக்குலத்துச் செடிகள் பல இலையைச் சுருட்டித் தொங்கவிடும். குட்டைச் செடிக்கு மற்றுமொரு காவல் உண்டு: விழுந்த பனி அதனை முழுதும் மூடிப் போர்வையாகும். பனிக்குள் அடைபட்ட காற்று வெளிக்குளிரைத் தடுக்கும். நெடிய செடியின் அரும்புகளோ வாடைக்கு இரையாகும். சுண்ணாம்பற்ற புளிப்பு மண்ணில், ஆழப் புதைக்காமல் நட்டு, நிலம் உறையுமுன் வேருக்கு நன்கு நீர் காட்டுவதே தோட்டக்காரர் செய்யத்தக்கது.

கடல் சூழ்ந்த இங்கிலாந்தின் குளிர் மென்மையானது. ஜெர்மனியின் வடபுலத்தில் ஹான்ஸ் ஹாக்மன் யாகுஷிமானத்தின் வழியே உறுதிமிக்க கலப்பினங்களை வளர்த்தெடுத்தார். பின்லாந்தின் குளிருக்கு அதுவும் போதவில்லை. ஆகவே 1973இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தார் கொரியாவிலிருந்து வந்த மற்றோர் உறுதியான இனத்தைத் தாயாகக் கொண்டு முயற்சி தொடங்கினர். நாற்றுகளைத் திறந்த வெளியில் நட்டு, தேர்வைக் குளிர்காலத்திடமே விட்டுவிட்டனர். எஞ்சியவற்றுள் ஒன்றுதான், முழங்கால் உயரத்தில் செக்கச் சிவந்து பூக்கும் எல்வீரா.