திசையன்விளைக் கலயமும் பெல்ஜியத்துப் பீப்பாயும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பவன் அல்ல. (அம்மா இதைப் படிக்கக் கூடும்!) ஆனாலும் இந்தக் கட்டுரை முழுக்க புளிப்பைப் பற்றியும் போதையைப் பற்றியும்தான். வகுப்பு நண்பன் ஒருவன் வெளிநாட்டு பியர்களுக்கு மார்க் போடுகிறவர்களின் குறிப்புகளைக் காட்டினான். நிறத்துக்கு இத்தனை, மணத்துக்கு இத்தனை, நாக்கில் தங்கும் நேரத்துக்கு இத்தனை என்று போகிறது. ஒரு பெல்ஜிய பியரைப் பற்றி "குதிரைப் போர்வை வாசம்" என்று எழுதியிருந்தார்கள். திட்டுகிறார்களோ என்று நினைத்தேன். பாராட்டாம்!

அந்த பியரின் பெயர் லாம்பிக். பிரஸ்ஸல்ஸ் நகரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் செய்வது. கோதுமையும் பார்லியும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை, குளிர்காலத்தில் ஆழமில்லாத பெரிய தொட்டியில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்து வைத்துவிடுகிறார்கள். யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரப் பீப்பாயிலும் இருக்கும் நுண்ணுயிர்களே அதைப் புளிக்க வைக்கின்றன. பிறகு ஓக் மரப் பீப்பாயில் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று கிடக்கும். இளசையும் முதிர்ந்ததையும் கலந்து பாட்டிலில் அடைத்தால் அதற்கு கோஸ் என்று பெயர். பிரஸ்ஸல்ஸில் 1900-இல் தொடங்கிய காந்தியோன் என்ற ஆலை இன்னும் இப்படித்தான் செய்கிறது.

அமெரிக்கர்கள் வழி வேறு. அங்கே பூர்பன் விஸ்கியைப் புதிய, உள்ளே கருக்கிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் அவர்களுக்கு உதவாது. 1990-களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலைக்காரர்கள் அந்தப் பழைய பீப்பாய்களை வாங்கி, கருப்பு ஸ்டவுட் பியரை அதில் ஊறப் போட்டார்கள். இன்று அது ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டது. இதற்கெல்லாம் வகை பிரித்துப் பெயர் வைத்ததில் பெரிய பங்கு மைக்கேல் ஜாக்சன் என்பவருக்கு உண்டு. (பாடகர் அல்ல, இங்கிலாந்துக்காரர். 1977-இல் உலக பியர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.)

இதையெல்லாம் படித்தபோது எனக்கு வந்தது பொறாமை. ஏனென்றால் காற்றில் இருப்பதை வைத்துப் புளிக்கும் சாறு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. திசையன்விளையில் எந்தத் திசையில் நடந்தாலும் பனை. சற்றுத் தள்ளிப் போனால் செம்மண் தேரி, அதிலும் பனை. பாளையைச் சீவிக் கலயம் கட்டிவிட்டால் போதும், மற்றதைக் கலயமே பார்த்துக்கொள்ளும்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

ஊற வைத்துக் குடிப்பது நமக்குத் தெரியாத வித்தை என்று நினைத்திருந்தேன். சங்க நூல்களைப் புரட்டினால் அந்த எண்ணம் போய்விடும். திருமுருகாற்றுப்படையில் மலைவாழ் மக்கள் நீண்ட மூங்கில் குழாயில் விளைந்த தேன் கள்ளைச் சுற்றத்தோடு குடிக்கிறார்கள். மூங்கில்தான் அவர்களுடைய பீப்பாய்! கபிலர் புறநானூறு 120-இல், பாரியின் நாட்டில் நிலத்தில் புதைத்துப் பக்குவப்படுத்திய மதுவைச் சொல்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் வீட்டில் நடப்பது அசல் பியர் தயாரிப்பேதான். அரிசிக் கூழைக் காய்ச்சி, ஆற வைத்து, புளிக்கவைக்கும் அடையைப் பிசைந்து கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து, சாடியில் முதிர விட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். கிட்டத்தட்ட செய்முறைக் குறிப்பு மாதிரியே இருக்கிறது.

மார்க் போட்டார்களா? எண் போடவில்லை, உவமை போட்டார்கள். நாள்பட்ட தேறல் தேள் கொட்டியது போல் கடுக்கிறது என்கிறார் ஔவையார் (புறம் 392). சிறுபாணாற்றுப்படையில் அது கோபம் கொண்ட பாம்பு. குதிரைப் போர்வைக்கு இது எந்த விதத்தில் குறைச்சல்?

ஆனால் பனங்கள் அப்படி வருடக்கணக்கில் ஊறாது. காலையில் இறக்கும்போது இனிப்பு. மதியம் நுரைத்து, நாக்கில் சுறுசுறுவென்று இருக்கும். சாயங்காலம் நன்றாகப் புளித்துவிடும். மறுநாள் காடிதான். இறக்கிய சாற்றில் ஈஸ்ட்டும், லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாவும், காடியாக்கும் பாக்டீரியாவும் ஒன்றன் பின் ஒன்றாக வேலை பார்க்கின்றன. லாம்பிக் மூன்று வருடத்தில் போகும் தூரத்தை இது முப்பது மணி நேரத்தில் ஓடிவிடுகிறது. அதனால் கள்ளுக்கு வயதை ஆண்டில் சொல்ல முடியாது, பொழுதில்தான் சொல்ல வேண்டும்.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இது எதுவும் நடக்காது. இனிப்பாகவே நிற்கும். அதுதான் பதநீர், எங்கள் ஊர்ப் பேச்சில் பயினி. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு. பிற்காலத்தில் சட்டமும் இந்தச் சுண்ணாம்பில்தான் வந்து நின்றது.

எங்கள் பக்கத்துப் பனைக்கு எழுத்தில் வந்த சரித்திரம் என்றால் கால்டுவெல்லை விட முடியாது. 1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். திசையன்விளையிலிருந்து மிகவும் பக்கம். அங்கே அவர் கட்டிய தேவாலயம் 1880-இல் பிரதிஷ்டையானது, 1891-இல் இறந்தபின் அங்கேயே அடக்கம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1849-இல் பனையேறும் மக்களைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. பனைத் தொழிலைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியவர், அந்த மக்களின் அறிவையும் பிறப்பையும் தாழ்த்தியும் எழுதினார். பின்னாளில் அதை எதிர்த்துக் கடும் கண்டனம் எழுந்தது. படித்தபோது எனக்கும் கோபம் வந்தது. அறிவில்லை என்று அவர் சொன்ன ஆட்கள் தினமும் நாக்கால் ஒரு சோதனைச் சாலையையே நடத்திக்கொண்டிருந்தார்களே!

எப்படி என்று சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் பதநீரின் பெரும்பகுதி கருப்பட்டிக்குப் போகிறது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 7, 8 லிட்டர் வேண்டும். விடிலியில் பெரிய பாத்திரத்தில் எல்லாக் கலயத்துச் சாற்றையும் ஒன்றாக ஊற்றிக் காய்ச்சுவார்கள். அதில் ஒரு கலயம் புளித்திருந்தாலும் போச்சு. புளிப்பு, சர்க்கரையை உடைத்துவிடும். எவ்வளவு காய்ச்சினாலும் சிரட்டையில் கட்டிப்படாமல் பிசுபிசுவென்று கிடக்கும். பனையேறியின் ஒரு நாள் உழைப்பும், அவர் மனைவி பொறுக்கிவந்த விறகும் மொத்தமாக வீண். சுண்ணாம்பு கூடினாலோ காரல் அடிக்கும், நிறமும் கெடும். அதனால் ஊற்றும் முன் ஒவ்வொரு கலயத்தையும் ருசி பார்த்தே ஆக வேண்டும். பெல்ஜியத்துக்காரர் மார்க் தப்பாகப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே தப்பினால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

தாத்தா ஏறியவர். எந்தக் கலயம் எந்த மரத்துடையது என்று நாக்கில் வைத்தே சொல்வாராம். கள் இறக்கினீர்களா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அவர் வாயைத் திறக்குமுன் ஆச்சி முந்திக்கொண்டாள். "ஏலே, நம்ம வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது. பயினிதான்!" தாத்தா திண்ணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பேசாததற்கும் காரணம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் கள்ளுக்கு மரவரி, சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் 1886-இல். ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். ஓமந்தூரார் ஆட்சியில் 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் கடைகள் திறந்தன, 1974-க்குள் மூடின. 1981-இல் மறுபடி திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை, இன்றுவரை அப்படியே. நடுவில் 1983-இல் டாஸ்மாக் வந்தது, 2003-இல் சில்லறைக் கடையும் அதன் கைக்கே போனது. அதாவது ஆலையில் செய்த பியருக்கு அரசுக் கடை, மரத்தில் ஊறியதற்கு வழக்கு. கேரளத்தில் கள்ளுக்கடை இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைப் பாட்டிலில் அடைத்தே விற்கிறார்கள்.

கள்ளைத் திறந்துவிடு என்று கொடி பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆச்சியின் அப்பா கூலியைக் கள்ளுக்கடையிலேயே விட்டுவிட்டு வருவாராம். அவளுடைய கோபம் சட்டத்தால் வந்ததல்ல. ஆனால் தடை வந்தபோது கள்ளோடு சேர்த்து அதை அளந்த நாக்கையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோமே, அதுதான் உறுத்துகிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஏற ஆள்?

போன வருடம் கண் ஆபரேஷனுக்காகத் தாத்தாவைப் பெங்களூருக்குக் கூட்டிப் போனோம். சித்தப்பா ஒருநாள் புளிப்பு பியர் ஒன்றை வாங்கி வந்திருந்தார், பெல்ஜிய முறையாம். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஆச்சி ஊரில் இருந்த தைரியத்தில் தாத்தாவிடம் நீட்டினேன். குடிக்கவில்லை. முகர்ந்து பார்த்தார். விரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"நேத்து அந்திக்குக் கட்டின கலயம்லா இது" என்றார். "கலயத்தை ஒழுங்காக் கழுவல மக்கா."