பெரியப்பாவின் அம்பாசிடரும் டீசல் கணக்கும்

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் பிரேக் ஈவன் பாயிண்ட் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் பெரியப்பாவின் நீல அட்டை நோட்டுதான் ஞாபகம் வரும். காய்கறி கமிஷன் வியாபாரி. தினமும் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போய்வர அவர் வைத்திருந்தது 1974 மாடல் பெட்ரோல் அம்பாசிடர். 2002-ல் அந்த வண்டியின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டினார். நான் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் செலவு ஒவ்வொன்றும் தேதியோடு நோட்டில் இருக்கிறது. (எங்கள் வீட்டில் டைரி எழுதும் பழக்கம் யாருக்கும் கிடையாது, கணக்கு எழுதும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு!)

நல்லா ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு எஞ்சின் மாட்டுவது கிறுக்குத்தனம் மாதிரி தெரியும். ஆனால் 1980-களிலும் 90-களிலும் தமிழ்நாட்டில் மட்டுமல்ல, இந்தியா முழுக்க பட்டறைகளில் இதே வேலை நடந்தது. ஏன் என்று தெரிய வேண்டுமானால் 1973-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் வந்தது. அரபு நாடுகள் எண்ணெய் சப்ளையைக் குறைத்தன. பேரலுக்கு சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கிவிட்டது. இந்தியாவிலும் பெட்ரோல் விலை ஏறியது. அதைக் கண்டித்து 1973 நவம்பரில் வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போனார், அந்தப் படம் இன்றைக்கும் எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் வெளியே வரும். 1979-ல் ஈரான் புரட்சியால் இன்னொரு அடி.

அரசாங்கம் அப்போது எடுத்த முடிவு ஒன்றுதான் நம் கதைக்கு முக்கியம். பெட்ரோல் என்பது கார் வைத்திருக்கும் பணக்காரர்களின் சரக்கு, அதில் வரியை ஏற்றலாம். டீசல் என்பது லாரி, பஸ், டிராக்டர், பம்ப்செட்டின் சரக்கு, அதை ஏற்றினால் அரிசி பருப்பு வரை ஏறும், ஆகவே அடக்கி வை. 1970-களின் நடுவிலிருந்து 2002 மார்ச் வரை விலையை அரசே நிர்ணயித்தது. ஒரு சரக்கில் கூடுதலாக வாங்கியதை இன்னொன்றின் நஷ்டத்துக்கு ஈடுகட்ட எண்ணெய் பூல் கணக்கு என்று ஒன்றையே வைத்திருந்தார்கள். நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரே பங்க்கில் பக்கத்துப் பக்கத்துப் பம்ப்பில் இரண்டு சரக்கு, ஒன்று மற்றதைவிடப் பாதி விலைக்குக் கொஞ்சம்தான் மேல் என்றால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? காரை மாற்ற வசதி இல்லாதவன் எஞ்சினை மாற்றினான்.

அதற்கு அம்பாசிடர் மாதிரி தோதான வண்டி வேறு கிடையாது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியிலிருந்து அம்பாசிடர் என்று செய்தது. அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பி.எம்.சி. கம்பெனியின் பி சீரிஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தில், அதே 1489 சி.சி.யில் ஒரு டீசல் எஞ்சினும் இருந்தது. 1980 வாக்கில் அதைக் கம்பெனியே அம்பாசிடரில் போட்டு விற்க ஆரம்பித்தது. சக்தி 40 குதிரைக்கும் குறைவு. ஒரு டன்னைத் தாண்டிய வண்டி, ஏழெட்டுப் பேர், டிக்கியில் மூட்டை! மேடு ஏறும்போது பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான் என்று பெரியப்பா சொல்வார். ஆனால் ஒரே குடும்பம் என்பதால் பழைய கியர் பாக்ஸோடு பெரிய சிக்கல் இல்லாமல் பொருந்தும். விபத்தில் நொறுங்கிய டீசல் அம்பாசிடரின் எஞ்சினைப் பெட்ரோல் அம்பாசிடரில் இறக்குவது கைதேர்ந்த மெக்கானிக்குக் கஷ்டமான வேலை இல்லை.

இன்னும் இழுவை வேண்டும் என்றவர்கள் மேட்டடார் வேனின் எஞ்சினைத் தேடிப் போனார்கள். பஜாஜ் டெம்போ கம்பெனி மெர்சிடஸ் லைசென்ஸில் செய்த 2.4 லிட்டர் ஓ.எம். 616 எஞ்சின் அது. ஜெர்மனியில் மெர்சிடஸ் காரில் ஓடியது, இங்கே வேனில் வந்து, அங்கிருந்து அம்பாசிடருக்குள் நுழைந்தது. அதற்கு லேத்தில் கொடுத்து இடையில் பிளேட் கடைந்து, மவுண்ட்டை வெட்டி ஒட்டி, கனம் தாங்காமல் முன்பக்கம் தாழ்ந்தால் டார்ஷன் பாரைத் திருகித் தூக்கி... அது தனி சாகசம்.

இப்போது நோட்டுக்கு வருவோம். 2002 ஏப்ரலில் டில்லியில் பெட்ரோல் லிட்டர் சுமார் 26½ ரூபாய், டீசல் சுமார் 16½. நம்ம பக்கம் கொஞ்சம் முன்பின் இருக்கும், கணக்குக்கு இதையே வைத்துக்கொள்வோம். பெட்ரோலில் வண்டி 9 கிலோமீட்டர் கொடுத்தது, டீசலில் 13. அதாவது கிலோமீட்டருக்கு 2.94 ரூபாய் செலவு 1.27 ஆகிறது. மாசம் 2,000 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சம் சுமார் 3,350 ரூபாய். பழைய எஞ்சின், கூலி எல்லாம் சேர்த்துப் பெரியப்பா கொடுத்தது 38,000. பதினொன்றரை மாசத்தில் முதல் திரும்பிவிட வேண்டும். பெரியப்பா பி.காம். படிக்கவில்லை, ஆனால் நோட்டின் ஓரத்தில் "12 மாசம்" என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார்.

உண்மையில் ஆனது பதினாறு மாசம். ஏன் என்பதில்தான் எனக்குச் சுவாரசியம்.

எஞ்சின் மாற்றினோம் என்று எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசுவார்கள். அடிவாங்குவது வயரிங்கில்தான். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்ததை ஏழெட்டு மடங்கு அழுத்தி, பிளக்கில் பொறி விட்டு எரிப்பார்கள். டீசலில் பொறி கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்தி அந்தச் சூட்டிலேயே எரிய விடுவார்கள். ஆகவே காயில், டிஸ்ட்ரிப்யூட்டர், பிளக் எல்லாம் போய்விடும். அப்பாடா என்று நினைக்கக் கூடாது. அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்துச் சுற்ற பலமான செல்ஃப் மோட்டார் வேண்டும், அதற்குப் பெரிய பேட்டரி, அதற்குத் தடிமனான கேபிள். காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆக ஹீட்டர் பிளக் வேண்டும், அது வேறு ஒரேயடியாகக் கரண்டை இழுக்கும். சில பழைய டீசல் எஞ்சின்களில் ஹீட்டர் பிளக்குகள் கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி வரிசையாகக் கோத்திருக்கும், ஒன்று போனால் எல்லாம் போச்சு. இவ்வளவுக்கும் சார்ஜ் கொடுக்க வேண்டியது அந்தக் காலத்து டைனமோ. வண்டி மெதுவாக ஓடும்போது அது கிட்டத்தட்ட ஒன்றுமே கொடுக்காது.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது என்பது இன்னொன்று. பெட்ரோல் வண்டியில் கரண்டை நிறுத்தினால் பொறி நிற்கும், எஞ்சின் நிற்கும். டீசலில் பம்ப்புக்குப் போகும் எண்ணெயை நிறுத்த வேண்டும், அதற்கு டாஷ்போர்டில் இழுக்கிற குமிழ் ஒன்று, அதிலிருந்து ஒரு இரும்புக் கேபிள். முதல் நாள் பெரியம்மா சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள், வண்டி வாசலில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்ததாம்.

அந்த இரும்புக் கேபிள்தான் பிறகு காட்டிக்கொடுத்தது. மாற்றி மூன்றாம் மாசத்திலிருந்து ஸ்டார்ட்டிங் டிரபிள். நோட்டில் வரிசையாக இருக்கிறது: பேட்டரி, செல்ஃப் மோட்டார் ரிப்பேர், மறுபடி செல்ஃப் மோட்டார், டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர், மறுபடி பேட்டரி. எஞ்சின் மாட்டிய பட்டறைக்காரர் ஒவ்வொரு தடவையும் ஒரு பார்ட்டைக் குற்றம் சொன்னார். ஒருநாள் விடியற்காலை மார்க்கெட்டில் செல்ஃப் அடிக்கும்போது டாஷ்போர்டுக்குக் கீழே புகை. ஸ்டாப் குமிழைத் தொட்டால் கை சுடுகிறது! வெறும் இழுவைக் கேபிள், அதில் கரண்டே கிடையாதே?

பழனியில் ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். எந்தப் பார்ட்டையும் கழற்றவில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னார். இரண்டும் ஒன்றுக்கொன்று எர்த்தாக இருந்தால் முள் அசையவே கூடாது. அது எழும்பிப் போனது. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் இணைத்து ஒரு பின்னல் செம்புப் பட்டை இருக்க வேண்டும். பழைய எஞ்சினைக் கழற்றும்போது அதையும் கழற்றியவர்கள், புதுசை இறக்கும்போது திரும்ப மாட்டவில்லை. செல்ஃப் மோட்டாருக்குப் போன நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பி வர வழி தேடி, கிடைத்த இரும்பிலெல்லாம், ஸ்டாப் கேபிளிலும்தான், ஏறி வந்திருக்கிறது. வழி சிறியதாக இருந்ததால் செல்ஃப் மெதுவாகச் சுற்றியது. மெதுவாகச் சுற்றியதால் எல்லோரும் பேட்டரியைச் சந்தேகப்பட்டார்கள்.

நோட்டில் அன்றைய வரி: "எர்த் பட்டை 60, கூலி 100." அதற்கு முன்னால் இருக்கிற மின்சாரச் செலவைக் கூட்டினால் கிட்டத்தட்ட 15,000. ஆல்டர்னேட்டர் எப்படியும் தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். மீதியில் பெரும்பகுதி அந்த அறுபது ரூபாய்ப் பட்டைக்குக் கொடுத்த அபராதம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பட்டறைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இந்த வேலைக்கு அப்போது புத்தகமோ வரைபடமோ எது இருந்தது? கம்பெனி வயரிங் படம் கம்பெனி மாட்டிய எஞ்சினுக்குத்தான். இரண்டு வண்டிகளைச் சேர்த்து ஒன்றாக்கினால் படம் மெக்கானிக்கின் தலைக்குள்தான் இருந்தாக வேண்டும்.

இன்னொரு செலவு நோட்டில் இல்லவே இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றுவது பற்றியது. 2000-ல் அதைத் திருத்தி இறுக்கினார்கள். கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, வேறு எரிபொருளுக்கு மாற்றுவதென்றால் அதற்குரிய நிபந்தனைகள்படி. பெரியப்பாவின் ஆர்.சி. புக்கில் எரிபொருள் பெட்ரோல், எஞ்சின் நம்பர் பழைய எஞ்சினுடையது. பெரிய விபத்து ஏதாவது நடந்திருந்தால் இன்ஷூரன்ஸில் என்ன சொல்லியிருப்பார்கள்? ஆர்.சி. புதுப்பிக்க எப்படிப் போனீர்கள் என்று கேட்டால் பெரியப்பா, மழை வரும்போலிருக்கே என்று வானத்தைப் பார்ப்பார் :-)

அப்புறம் நடந்தது நமக்கே தெரியும். 2010 ஜூனில் பெட்ரோல் விலையை அரசு கட்டுப்பாட்டிலிருந்து விட்டார்கள், டீசலை விடவில்லை. 2012 மே மாசம் டில்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41-க்கும் கீழே. விவசாயிக்கென்று வைத்த விலையில் பெரிய பெரிய சொகுசு டீசல் கார்கள் ஓடின. 2014 மே மாசம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. அதே வருஷம் அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் போனது. 2020 ஜூன் 24-ஆம் தேதி டில்லியில் டீசல் விலை பெட்ரோலைத் தாண்டியதும் நடந்தது. பெரியப்பாவிடம் சொன்னபோது நம்பவில்லை, பேப்பரைக் காட்ட வேண்டியிருந்தது.

வண்டியை 2016-ல் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஆர்.சி.யை ரத்து செய்ய எஞ்சின் நம்பர் பார்க்க வேண்டும் என்றார்கள். பெரியப்பா வந்தவரைக் கொல்லைப்புறம் மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிப்போனார். பதினாலு வருஷமாகச் சாக்குப் போட்டு மூடி, வருஷம் ஒருதடவை கிரீஸ் தடவி வைத்திருந்த பழைய பெட்ரோல் எஞ்சின் அங்கே இருந்தது. ஆர்.சி.யில் இருந்த நம்பர் அப்படியே தெளிவாகத் தெரிந்தது.