ஆறு காட்டிய வழி

வெயிற்காலம் பிறந்ததும் கொச்சிக்கடை இளைஞருக்கு ஆற்றின் நினைவு எழுவது இயல்பு. மேற்கே கடலும் துறைமுகமும். வடக்கே சில மைல் தொலைவில் களனி கங்கை. தோழரோடு கரைவழியே நடந்து, நீராடிக் களைப்பாறி, பொழுது சாயுமுன் வீடு திரும்புவது எத்துணை இன்பம்! ஆயின், இதே இலங்கையில், பிறிதோர் ஆற்றின் வழியே இரு தோழர் நடந்த நடை இன்பத்துக்காக நடந்ததன்று, விடுதலைக்காக நடந்தது. அவ்வாறு வடக்கே ஓடும் அருவியாறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா.

1659ஆம் ஆண்டு சோழமண்டலக் கடலில் வீசிய புயலிற் சிக்கிப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. அடுத்த ஆண்டில் அதன் தலைவரும் மாலுமிகளுமாகப் பதினாறு பேர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டனர். தலைவரின் மகன் றொபேட் நொக்ஸுக்கு அப்போது வயது 19. தந்தை 1661இல் சிறைவாழ்விலேயே உயிர் நீத்தார்.

இவர்களுக்குச் சுவரெழுப்பிய சிறை இல்லை. கிராமங்களிற் பிரித்துக் குடியிருத்தப்பட்டனர். நாட்டை விட்டு நீங்கவே தடை. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். ஸ்டீவன் றட்லண்ட் என்னும் தோழரோடு ஊரூராகச் சென்று பண்டம் விற்றார். வணிகம் வெளித்தோற்றம், வடக்கே செல்லும் வழியை அறிவதே உள்நோக்கம். வறட்சி முதலிய தடைகளாற் பன்முறை திரும்பிய பின்னர், 1679ஆம் ஆண்டு செப்டெம்பரில் இறுதியாகப் புறப்பட்டனர்.

அநுராதபுரத்தை அடைந்தபோது, அங்கு வாழ்ந்த மக்களுக்கு இவர்கள் பேசிய சிங்களம் விளங்கவில்லை. அவர்கள் கண்டி மன்னனின் குடிகளாயினும் தமிழ் வழியினர். வழி கேட்டால் ஐயம் பிறக்கும். பெருவழியிற் சென்றால் காவலர் பிடிப்பர். ஐயம் கொள்ளாமலும் காட்டிக்கொடுக்காமலும் வழிகாட்ட வல்லது ஒன்றுதான் இருந்தது. ஆறு எப்படியும் கடலைச் சேரும். கடற்கரையில் ஒல்லாந்தரின் கோட்டை இருக்கும். இத்துணிவோடு காட்டினுள் இறங்கி அருவியாற்றைப் பற்றிக்கொண்டனர்.

ஆற்று மணலிலே யானைக் கூட்டங்கள். நீரிலும் கரையிலும் முதலைகள். இவற்றினும் மனிதருக்கே அவர்கள் மிகுதியும் அஞ்சினர். மணலில் அடிபதிக்க நேர்ந்த இடங்களிற் பின்னோக்கி நடந்தனர். சுவட்டைக் காண்போர், எதிர்த்திசையிற் சென்றனர் என்று எண்ண வேண்டுமல்லவா? தாளிப்பனை ஓலையே கூடாரம்; இரவில் மூட்டிய தீயே காவல்.

அச்சத்தின் நடுவிலும் நொக்ஸின் கண்கள் ஓய்ந்திருக்கவில்லை. ஆற்றோரம் எங்கும் செதுக்கிய கற்றூண்கள் நிற்பதையும், சில இடங்களிற் கற்பாலங்கள் இடிந்து கிடப்பதையும் கண்டார். பின்னர் அவற்றைத் தம் நூலில் எழுதியும் வைத்தார். மனிதர் கண்ணிற் படாதிருக்க அவர் தேடிய அக்காடு, ஒரு காலத்தில் மனிதர் நிறைந்த நாடாய் இருந்தது!

1679 ஒக்ரோபர் 18, சனிக்கிழமை. மாலை நான்கு மணியளவில் இருவரும் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். பத்தொன்பதரை ஆண்டுச் சிறைவாழ்வு அன்று முடிந்தது. மன்னாரிலிருந்து கப்பலேறிக் கொழும்பை அடைந்தனர். ஒல்லாந்த ஆளுநர் றைக்லோவ் வான் கூன்ஸ் ஆடையளித்து ஆதரித்து, கண்டி நாட்டு நிலைமையையும் கேட்டறிந்தார். கொச்சிக்கடையின் அருகே இன்று கப்பல்கள் வந்து தங்கும் துறையே அவர்களை வரவேற்ற கொழும்புத் துறை.

1681இல் இலண்டனில் வெளிவந்த நொக்ஸின் நூல், அக்காலக் கண்டி மக்களின் வாழ்க்கையை அறிய இன்றும் உதவுகின்றது. அதனினும் சிறிய செய்தியொன்று நெஞ்சைத் தொடுவது. விடுதலை பெற்ற நொக்ஸ், கண்டியிற் சிறைப்பட்டிருந்த தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். தாம் வந்த வழி முழுவதையும், அவர்கள் தெளிவாக விளங்கிக்கொள்ளும் வண்ணம், அதில் விரித்துரைத்தார். தான் கரையேறியதோடு ஒருவனுடைய பயணம் முடிந்துவிடுவதில்லை. பின்னே நிற்பவருக்கும் வழி சொல்லிய பின்னரே அது நிறைவுறுகின்றது.