குட்டிக்கரணமும் கால்ஷியமும்

லண்டன் நகரத்துக் குழாய்த் தண்ணீருக்கு விஞ்ஞான சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. 1880களின் தொடக்கத்தில் சிட்னி ரிங்கர் என்ற வைத்தியர், தவளையின் இருதயத்தை எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்துப் பார்த்தார். நன்றாகவே துடித்தது. பிறகுதான் தெரிந்தது, கரைசல் வாலைநீரில் அல்ல, குழாய்த் தண்ணீரில் கலந்தது என்று. வாலைநீரில் கலந்தால் இருதயம் சோர்ந்து நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்ஷியந்தான் அதுவரை காப்பாற்றியது! 1883ல் அதை அச்சிலேயே ஒப்புக்கொண்டார். தம் பிழையைக் கண்டுபிடிப்பாக்கிய அந்த மனிதரிடம் எனக்குத் தனி மரியாதை.

இருதயம் உள்ள பிராணிக்குக் கால்ஷியம் வேண்டும், சரி. இருதயமும் நரம்பும் இல்லாத கிருமிக்கு எதற்கு?

கிருமிக்கும் ருசி தெரியும் என்று ஜெர்மனியில் ஃபெஃபர் 1880களிலேயே காட்டிவிட்டார். மெல்லிய கண்ணாடிக் குழலில் இறைச்சிச் சாற்றை நிரப்பி வைத்தால், கிருமிகள் அதன் வாயில் வந்து மொய்த்தன. வெகுகாலம் கழித்து அந்தக் குழலைத் தூசி தட்டி எடுத்தவர் ஜூலியஸ் ஆட்லர். 1938ல் சிறுவனாக நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த யூதர். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமியை விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் ஆராய்ந்தார். சர்க்கரையை ஜீரணிக்க இயலாத கிருமியும் சர்க்கரையை நாடிப் போவதை 1969ல் நிரூபித்தார். அப்படியானால் அது போவது வயிற்றுக்காக மட்டும் அல்ல, உணர்ந்தே போகிறது!

அதன் நடையும் வேடிக்கைதான். உடம்பிலுள்ள இழைகள் கப்பல் விசிறிபோல் ஒரு பக்கம் சுழன்றால் ஒரு விநாடி நேரே ஓடும். எதிர்ப்பக்கம் சுழன்றால் ஒரு குட்டிக்கரணம், பிறகு வேறு திசை. இனிப்பு கூடக்கூடக் குட்டிக்கரணம் குறையும்.

1992ல் ஆட்லரும் லூயி டிசாவும் வெளிச்சம் பட்டால் கால்ஷியத்தை விடுவிக்கும் ரசாயனத்தைக் கிருமிக்குள் புகுத்தி, வெளிச்சம் பாய்ச்சினார்கள். கிருமி குட்டிக்கரணம் போட்டது. கால்ஷியத்தைக் கவ்விக்கொள்ளும் வேறொரு ரசாயனத்தைப் புகுத்தியபோது நேரே ஓடியது. 1995ல் அளந்தும் பார்த்தார்கள்: பிடிக்காத பொருள் எதிர்ப்பட்டால் உள்ளே கால்ஷியம் ஏறியது, பிடித்தது எதிர்ப்பட்டால் இறங்கியது.

ஆனாலும் வழக்கு தீரவில்லை. செய்தியை இழைக்குக் கொண்டுபோகும் தூதன் சீ-ஒய் என்ற புரதம் என்பது பாடப்புத்தகத் தீர்ப்பு. அது சரிதான், என்றாலும் கால்ஷியத்துக்கு ஒரு வரிகூட ஒதுக்காத புத்தகங்களைக் கண்டால் எனக்கு ஆதங்கம். ஆட்லரோ வாதாடிக்கொண்டு உட்காரவில்லை. முதுமையில் பழ ஈக்களை வளர்த்து, அவை எதை நாடுகின்றன, எதை வெறுக்கின்றன என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்.